மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்ன சம்பந்தம்? வடசென்னை கவனிக்க வேண்டிய மூன்றாவது காரணம்

மாதவரத்தில் ஒருவருக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல் என்று வைத்துக்கொள்வோம். காரணம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களிடம் பதில் ரெடியாக இருக்கும். "மூலக்கடையில இருந்து ரவுண்டானா வரைக்கும் லாரிதான். மெட்ரோ வேலை வேற. தூசுதான், வேற என்ன?" இருமலோடு எடையும் கொஞ்சம் குறைந்துவிட்டால் இரண்டாவது பதில் வரும்: "டி.பி. டெஸ்ட் எடுத்துடு."

இரண்டுமே அர்த்தமில்லாத பதில்கள் இல்லை. மாதவரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மணலியை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே 'மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி' பட்டியலில் சேர்த்தது. ராயபுரம் வீடுகளின் ஜன்னல்களில் படிந்த கரித்தூசிக்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை நிறுத்தச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மூச்சு வாங்கினால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படவும் வேண்டும்.

டி.பி. விஷயத்திலும் அப்படித்தான். உலக டி.பி. நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். டி.பி.க்கு ஆஸ்பத்திரியில் அடைத்துவைக்காமல் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை தரலாம் என்று 1950-களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே சேத்துப்பட்டில் இருக்கும் ஆராய்ச்சி மையம்தான். சென்னை டாக்டர்களுக்கு இருமல் என்றதும் டி.பி. ஞாபகம் வருவது அனுபவத்தின் விளைவு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த இரண்டு பதில்களும் இவ்வளவு வலுவாக இருப்பதால் மூன்றாவது ஒரு காரணம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. தூசும் இல்லை, கிருமியும் இல்லை. நம்முடைய நோயெதிர்ப்பு மண்டலமே நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் அதற்கான தடயம் பெரும்பாலும் நெஞ்சில் தெரியாது. விரல் மூட்டில், தோலில், கண் இமையில் தெரியும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னாடி கையைப் பார்க்க வேண்டிய நோய் இது.

ஆஸ்துமா இல்லை, இது வேற

இந்த வகை நோய்களுக்குப் பொதுப்பெயர் ஐ.எல்.டி. தமிழில் நுரையீரல் இடைத்திசு நோய் என்கிறார்கள். நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் அவ்வளவு மெல்லிசு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். நடுவில் இருக்கும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக வேண்டும். ஆஸ்துமாவில் காற்று போகும் குழாய் சுருங்குகிறது. ஐ.எல்.டி.யில் குழாய் நன்றாகவே இருக்கும், சுவர் தடித்துப்போகும். அதனால்தான் பலருக்கு இன்ஹேலர் மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலன் தெரிவதில்லை.

சுவர் தடிப்பதற்குக் காரணங்கள் நிறைய. இந்தியாவில் எது எவ்வளவு என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல கணக்கு 2017-ல் வெளியான ஐ.எல்.டி. இந்தியப் பதிவேடு. 19 நகரங்களில் 27 மையங்கள், 1,084 புது நோயாளிகள். பறவை எச்சம், பூஞ்சை, ஏர் கூலர் ஈரப்பசை போன்றவற்றைச் சுவாசித்து வரும் ஒவ்வாமை வகைதான் முதலிடம், 47.3 சதவீதம். அதற்கடுத்து 13.9 சதவீதத்தோடு வருவது நமது விஷயம்: இணைப்புத் திசு நோய்களோடு சேர்ந்து வரும் ஐ.எல்.டி. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர்.

இணைப்புத் திசு நோய்கள் என்றால்? முடக்கு வாதம் எனும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா, தசையையும் தோலையும் தாக்கும் டெர்மடோமயோசிடிஸ், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய். எல்லாமே உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் ஆட்டோஇம்யூன் வகை. இவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். முடக்கு வாதம் உள்ளவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு வெளிப்படையாகத் தெரியும். ஸ்க்ளீரோடெர்மாவில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. அந்த நோயில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணமே இப்போது நுரையீரல்தான்.

குரூப்பில் பரவும் தப்பான ஃபார்வர்டு

மூட்டில் இருக்கும் நோய் நுரையீரலுக்கு எப்படிப் போகிறது? இதைப் புரிந்துகொள்ள நோயெதிர்ப்பு செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை அனுப்பும் மெசேஜ்கள் சைட்டோகைன்கள் எனும் சின்னச் சின்னப் புரதங்கள். இன்டர்ஃபெரான், ஐ.எல்-6, ஐ.எல்-1, டி.ஜி.எஃப். பீட்டா என்று நிறையப் பெயர்கள் உண்டு. ஒரு செல் அனுப்பும், இன்னொரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி அதை வாங்கும். வாங்கியதும், இன்டர்ஃபெரான், ஐ.எல்-6 போன்ற சில செய்திகளை செல்லுக்குள்ளே ஜாக் எனும் நொதிகள் மரபணு வரை கடத்தும். அதைப் பொறுத்து அந்த செல் வேலையை மாற்றும்.

உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். "கேட்டுக்கிட்ட சந்தேகமா ஒருத்தர் நிக்கிறார்" என்று ஒரு மெசேஜ் வருகிறது. அது உண்மையான திருடனாக இருந்தால் நல்லது. ஆனால் நின்றது நம்ம வீட்டுப் பையன். யாரும் சரிபார்க்காமல் பத்து பேர் ஃபார்வர்டு பண்ணிவிட்டால், கொஞ்ச நேரத்தில் கட்டையோடு கூட்டம் கூடிவிடும். ஆட்டோஇம்யூன் நோய் கிட்டத்தட்ட இதுதான்.

அப்போ இதைத் தடுக்க குரூப்பில் அட்மின் இல்லையா? இருக்கிறார். 2025-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அந்த அட்மினைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் போனது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல், மற்ற நோயெதிர்ப்பு செல்களை அடக்கிவைக்கும் தனி வகை டி-செல்கள் இருப்பதைக் காட்டினார். அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரும் 2001-ல் அந்த செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 எனும் மரபணுவைக் கண்டறிந்தார்கள். தப்பான ஃபார்வர்டை டெலீட் செய்வது இந்த செல்களின் வேலை. அவை பலவீனமானாலோ, வதந்தி அவற்றை மீறிப் பரவினாலோ, பி-செல்கள் நம் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைத் தயாரிக்க ஆரம்பிக்கும். ரத்த டெஸ்ட்டில் ஏ.என்.ஏ., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. என்று எழுதித் தருவது இவற்றைத் தேடத்தான்.

நுரையீரலில் கடைசிக் கட்டம்தான் ஆபத்து. அழற்சி செய்திகள் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் செல்களுக்கும் போகும். இவை நம் உடம்பின் கொத்தனார்கள். காயம் பட்டால் கொலாஜன் பூசி அடைப்பார்கள், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். டி.ஜி.எஃப். பீட்டா செய்தி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கிளம்பமாட்டார்கள். பூசின சுவர்மேலேயே திரும்பத் திரும்பப் பூசுவார்கள். ஸ்பான்ஜ் போல இருக்க வேண்டிய நுரையீரல் தழும்பாகி விறைத்துப்போகிறது. அழற்சி மட்டும் இருக்கும்வரை மருந்தால் பெருமளவு திரும்பி வரலாம். தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. இந்த நோயில் மாதக்கணக்கில் தாமதம் ஆவது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு இதுவே காரணம்.

எல்லா நோயிலும் ஒரே மெசேஜ் இல்லை

முன்பெல்லாம் இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு முக்கிய மருந்து: ஸ்டீராய்டு. இப்போது எந்த நோயில் எந்த மெசேஜ் ஓங்கி ஒலிக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

முடக்கு வாதத்தில் கதை நுரையீரலிலேயே தொடங்கலாம் என்று ஒரு வலுவான கருத்து உண்டு. சிகரெட் புகை போன்றவை படும்போது நுரையீரல் செல்களில் புரதங்களின் வடிவம் லேசாக மாறுகிறது. இதற்கு சிட்ருல்லினேஷன் என்று பெயர். சில மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு அந்த மாறிய புரதம் அந்நியனாகத் தெரிகிறது. புகைப்பழக்கமும் அந்த மரபணுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடுவதை 2006-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்போ உருவாகும் ஆன்டிபாடி பிறகு மூட்டுக்குப் போகிறது. சிலருக்கு மூட்டு வலி வருவதற்கு முன்பே இருமல் வந்துவிடுவது இதனால் இருக்கலாம். அப்படிப்பட்டவர் நேராக நெஞ்சு நோய் டாக்டரிடம் போவார். மூட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் இன்னும் வலிக்கவே இல்லை.

ஸ்க்ளீரோடெர்மாவில் ஐ.எல்-6, டி.ஜி.எஃப். பீட்டா இரண்டின் ஆட்டம் அதிகம். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது இந்த நோயின் ஆரம்ப அடையாளம். சென்னை வெயிலில் இது சட்டென்று தெரியாது. ஏசி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

டெர்மடோமயோசிடிஸ் என்ற பெயரை 2024 பிப்ரவரியில் நாடு முழுக்கப் படித்தோம். 'தங்கல்' படத்தில் சின்ன வயது பபிதாவாக நடித்த சுஹானி பட்னாகர் 19 வயதில் டெல்லி எய்ம்ஸில் இறந்தார். கையில் வீக்கத்தோடு தொடங்கியது, நோய் இதுதான் என்று தெரிந்தது கடைசி நாட்களில், நுரையீரல் பாதிக்கப்பட்டது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அப்போது பல பேர் கேட்ட கேள்வி, "தோல் நோயில் எப்படி உயிர் போகும்?" என்பது. மேலே சொன்ன கொத்தனார் கதைதான் பதில்.

இந்த நோயின் ஒரு வகை ரொம்ப வேகமானது. எம்.டி.ஏ5 என்பது நம் செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. நுழைந்தால் கண்டுபிடித்து இன்டர்ஃபெரான் மெசேஜ் அனுப்பும் சென்சார். சிலருக்கு அந்த சென்சாருக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறது. தசை பலவீனம் இல்லாமல் போகலாம். விரல் முட்டிகளில் சிவந்த தடிப்பு, உள்ளங்கையில் புண், இமையில் ஊதா நிறம் மட்டும் தெரியும். ஆனால் நுரையீரல் சில வாரங்களிலேயே மோசமாகும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 2018 முதல் 2022 வரையான பரிசோதனைகளைத் தோண்டிப் பார்த்தபோது 60 பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. 2021-ல் எண்ணிக்கை திடீரென எகிறியிருந்தது, 8 பேர் இறந்திருந்தார்கள். கோவிட் அலையோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் மெகொனகலும் கலிபோர்னியாவின் பிரதீப்தா கோஷும் 2024-ல் எழுதினார்கள். கோவிட்டின்போது கிளம்பிய வைரஸ் எதிர்ப்பு மெசேஜ், வைரஸ் போன பிறகும் சிலருக்கு நிற்கவில்லை என்பது அவர்களின் வாதம்.

அப்போ வடசென்னைத் தூசுக்கு இதில் பங்கே இல்லையா?

இதுதான் நம்ம ஏரியாவுக்கான கேள்வி. "தூசா, ஆட்டோஇம்யூனா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் விஷயமாக இதைப் பார்ப்பதே தவறு என்று நினைக்கிறேன். தூசுக்கும் ஆட்டோஇம்யூன் நோய்க்கும் உள்ள தொடர்பு 70 வருஷப் பழைய மருத்துவ அறிவு.

1953-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அந்தோணி கேப்லன் எனும் டாக்டர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் எக்ஸ்-ரேக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடக்கு வாதம் உள்ள தொழிலாளர்களின் நுரையீரலில் மட்டும் வித்தியாசமான உருண்டையான கட்டிகள் தெரிந்தன. அதற்கு அவர் பெயரே வந்துவிட்டது. 1957-ல் எராஸ்மஸ் என்பவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்க்ளீரோடெர்மா அதிகமாக இருப்பதைப் பதிவுசெய்தார். இரண்டிலும் சந்தேகம் பெரும்பாலும் சிலிக்கா துகள் மேல்தான்.

இது எப்படி நடக்கிறது என்பது 2008 வாக்கில் தெளிவானது. நுரையீரலின் துப்புரவு செல்களான மேக்ரோஃபேஜ்கள் சிலிக்கா படிகத்தை விழுங்குகின்றன. செரிக்க முடியவில்லை. உள்ளே செரிமானப் பை கிழிகிறது. உடனே என்.எல்.ஆர்.பி3 எனும் எச்சரிக்கை அமைப்பு இயங்கி, ஐ.எல்-1 மெசேஜ் வெளியே பாய்கிறது. செல் செத்து, உள்ளே இருந்த படிகம் வெளியே வருகிறது. அடுத்த செல் அதை விழுங்குகிறது. கிருமியே இல்லாமல், நிற்காத அலாரம்.

வடசென்னையில் சிலிக்கா எங்கே? அனல்மின் நிலையச் சாம்பல்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும், அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். செப்பாக்கம், அத்திப்பட்டு மக்கள் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். ஆனா இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: சாம்பலில் உள்ள சிலிக்கா பெரும்பாலும் கண்ணாடி போன்ற உருகிய வடிவம். மேலே சொன்ன வேலையைச் செய்வது படிக வடிவம், சாம்பலில் அது குறைந்த அளவே. எனவே "எண்ணூர் சாம்பலால் முடக்கு வாதம்" என்று தலைப்புப் போட்டால் அது நிரூபிக்கப்படாத செய்தி. படிக சிலிக்காவின் நேரடி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஃபவுண்டரி, சாண்ட் பிளாஸ்டிங், கான்கிரீட் உடைக்கும் வேலை, கிரானைட்டும் டைல்ஸும் தண்ணீர் விடாமல் வெட்டும் பட்டறை.

அந்தப் பட்டியலில் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாடுலர் கிச்சனுக்கு இப்போது எல்லாரும் கேட்கும் குவார்ட்ஸ் டாப். செயற்கைக் கல்லான அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் போகலாம். போட்ட பிறகு அதில் சமைப்பவருக்கு ஆபத்தில்லை, வெட்டுபவருக்குத்தான். இஸ்ரேலில் இந்தக் கல்லை வெட்டி சிலிகோசிஸ் வந்த 40 பேரைப் பார்த்தபோது 9 பேருக்கு ஆட்டோஇம்யூன் நோய்க்கான அடையாளங்கள் இருந்ததாக 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். கர்ச்சீப்பால் இந்தத் துகளைத் தடுக்க முடியாது.

இதில் பணமும் இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்சார் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் உண்டு. அதே சிலிக்காவில் வேலை செய்து ஸ்க்ளீரோடெர்மாவோ முடக்கு வாத நுரையீரலோ வந்தால் அந்த நோய்கள் பட்டியலில் இல்லை. "இது உங்க உடம்பே செஞ்சது" என்று சொல்லி ஃபைலை மூடுவது ரொம்ப எளிது. அறிவியல் தூசையும் நோயெதிர்ப்பையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கி 70 வருஷம் ஆகியும் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

எங்கே தவறுகிறது?

எக்ஸ்-ரேயில். ஆரம்பக் கட்ட ஐ.எல்.டி. சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்-ரே நார்மல், ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க ருமட்டாலஜி மருத்துவர்கள் அமைப்பு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து அதிகமுள்ள ஆட்டோஇம்யூன் நோயாளிகளுக்கு ஸ்க்ரீனிங்காக எக்ஸ்-ரேயை நம்ப வேண்டாம் என்கிறது. ஹெச்.ஆர்.சி.டி. எனும் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேனும், நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறது. செயல்திறன் பரிசோதனையில் மூச்சை இழுத்து ஊதும் ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாது. வாயு சுவரைத் தாண்டும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. என்ற பகுதியும் முக்கியம், அதுதான் முதலில் குறையும்.

இன்னொன்று, எக்ஸ்-ரேயில் ஏதோ தெரியும், சளி பரிசோதனை நெகட்டிவ், ஆனாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆறு மாத டி.பி. மாத்திரை. இந்தியாவில் ஐ.எல்.டி. நோயாளிகள் பலர் சரியான பெயர் கிடைப்பதற்கு முன் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள் என்பது நெஞ்சு நோய் மருத்துவர்கள் பல வருஷமாகச் சொல்லும் குறை. அந்த ஆறு மாதமும் கொத்தனார் பூசிக்கொண்டேதான் இருக்கிறார்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட ஆபத்தானது மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் 'கலர் மாத்திரை'. பெயர் தெரியாத ஸ்டீராய்டு பல நேரம் அதில் இருக்கும். வலி மாயமாகக் குறையும். நோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்க்ளீரோடெர்மாவில் அதிக அளவு ஸ்டீராய்டு சிறுநீரகத்தையே திடீரெனச் செயலிழக்க வைக்கலாம் என்பதால், அந்த நோயின் நுரையீரல் பாதிப்புக்கு ஸ்டீராய்டை முதல் மருந்தாகத் தரக் கூடாது என்று மேலே சொன்ன வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது.

நம் மருத்துவமனை அமைப்பும் காரணம். மூட்டுக்கு ஒரு ஓ.பி., நெஞ்சுக்கு ஒரு ஓ.பி., தோலுக்கு ஒரு ஓ.பி. வெவ்வேறு நாள், வெவ்வேறு வரிசை, வெவ்வேறு சீட்டு. வீட்டு வேலையும் பார்த்து, சம்பளத்தையும் விடாமல், மூன்று வரிசையிலும் நிற்க ஒரு பெண்ணால் முடியுமா? விரல் வலிக்கு "பாத்திரம் தேய்க்கிற கை, அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலையும், மூச்சிரைப்புக்கு "ரத்தம் கம்மியா இருக்கும்" என்ற பதிலையும் தாண்டி வருவதற்கே அவருக்கு ஒரு வருஷம் ஆகிவிடும்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, முன்பைவிட நிறைய. மெசேஜை யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார் என்று தெரிந்ததால் இடையில் மறிக்க முடிகிறது. மைக்கோஃபினோலேட் எனும் மாத்திரை அழற்சி செல்கள் பெருகுவதைக் குறைக்கிறது. ஸ்க்ளீரோடெர்மா நுரையீரலுக்கு அது, கடுமையான பக்கவிளைவுள்ள சைக்ளோபாஸ்பமைடுக்கு இணையாக வேலை செய்வதும் உடம்பு அதைச் சுலபமாகத் தாங்குவதும் 2016-ல் தெரிந்தது. ரிட்டுக்ஸிமாப் பி-செல்களைக் காலி செய்கிறது. ஐ.எல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப்புக்கு ஸ்க்ளீரோடெர்மா நுரையீரலுக்காக 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜாக் நொதியை மறிக்கும் டோஃபாசிட்டினிப்பை, வேகமான எம்.டி.ஏ5 வகை நோயாளிகள் 18 பேருக்கு ஆரம்பக் கட்டத்திலேயே ஷாங்காயில் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து 18 பேரும் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன் பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் அது 78 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த நோயைப் பார்த்துப் பயந்திருந்த டாக்டர்களுக்கு 2019-ல் அது பெரிய செய்தி.

கொத்தனாரையே தடுக்கும் மருந்து நின்டெடனிப். ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மருந்து சாப்பிடாதவர்களின் நுரையீரல் கொள்ளளவு வருஷத்துக்கு 93 மில்லி குறைந்தது. சாப்பிட்டவர்களுக்கு 52 மில்லி. அதாவது தழும்பைக் குணப்படுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தது. இந்திய நிறுவனங்களே இப்போது இதைத் தயாரிப்பதால் விலை இறங்கியிருக்கிறது. இருந்தாலும் மாதாமாதம், வருஷக்கணக்கில் வாங்க வேண்டிய மருந்து. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கும் ஏற்ற மாதிரி அமைந்தது. ஆஸ்பத்திரியில் படுக்காமலே பல ஆண்டு மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்க்கு அந்த அமைப்பு பொருந்தவில்லை.

நியூஸில் அடிக்கடி வரும் கார்-டி சிகிச்சையையும் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் எர்லாங்கனில் லூபஸ், மயோசிடிஸ், ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்து நல்ல பலன் கிடைத்ததாக 2024-ல் வெளியிட்டார்கள். இப்போதைக்கு இங்கே இது புற்றுநோய் வார்டு விஷயம்தான். மாதவரத்தில் இருமிக்கொண்டிருப்பவருக்கு அதைவிட ஒரு ஹெச்.ஆர்.சி.டி. சீக்கிரம் கிடைப்பது முக்கியம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்த மருந்துகளில் பல, தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி.யை எழுப்பிவிடலாம். அதனால் தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை கட்டாயம் வேண்டும். முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்கள் பலர், அது நுரையீரலைக் கெடுக்கும் என்று கூகுள் பார்த்துவிட்டுத் தாங்களே நிறுத்துகிறார்கள். அரிதாகச் சிலருக்குத் திடீர் அழற்சி வரும் என்பது உண்மை. ஆனால் நாள்பட்ட தழும்பு நோய்க்கு அது காரணமில்லை, ஐ.எல்.டி. வருவதைத் தள்ளிப்போடவும் செய்யலாம் என்பதே சமீபத்திய ஆய்வுகள் சொல்வது. நிறுத்துவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

யார், எப்போது யோசிக்க வேண்டும்?

மூன்று வாரத்துக்கு மேல் வறட்டு இருமல், முன்பு ஏறிய மாடிப்படியில் இப்போது நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, கூடவே இவற்றில் ஏதாவது ஒன்று: காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காமல் இருப்பது, குளிரில் விரல் வெளுப்பது, விரல் முட்டியிலோ இமையிலோ சிவப்புத் தடிப்பு, கை தூக்கித் தலை வாரச் சிரமம், சோறு விழுங்க தண்ணீர் தேடும் அளவு வாய் வறட்சி. இப்படி இருந்தால் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால், ஷூ வெல்க்ரோவைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும். செலவே இல்லாத டெஸ்ட் அது.

ஏற்கெனவே முடக்கு வாதத்துக்கோ ஸ்க்ளீரோடெர்மாவுக்கோ சிகிச்சையில் இருப்பவர் இருமல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நுரையீரல் பரிசோதனை தேவையா என்று அடுத்த விசிட்டிலேயே கேட்கலாம். கிரானைட், டைல்ஸ், ஃபவுண்டரி வேலை பார்ப்பவர்கள் தாங்கள் என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதைச் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

அரசு மருத்துவமனைகளில் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது நெஞ்சு நோய் ஓ.பி. சீட்டுகளையும், பழைய சி.டி. ஃபிலிம் அல்லது சி.டி.யையும் சேர்த்து எடுத்துப்போங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. ஆறு மாதம் முன்பு எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று டாக்டரால் சொல்ல முடியும். எந்த மருந்து, எப்போது என்பதை முடிவு செய்வதே அந்த வேகம்தான்.